வெந்நீருக்கு ஏழு, எஞ்சினுக்கு நான்கு: ஏற்காட்டு விடுதியில் உணவுக் கழிவு எரிவாயு

உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுத்துக் கட்டடத்துக்குப் பயன்படுத்தலாம் என்று பேச்செடுத்தால், முதலில் வரும் கேள்வி "எவ்வளவு கரண்ட் கிடைக்கும்?" என்பதுதான். சேலத்திலும் அதே கேள்வி, மலைமேல் ஏற்காட்டிலும் அதே கேள்வி. ஆனால் மேலே இருப்பவர்கள் கேட்க வேண்டியது வேறு: "எத்தனை வாளி வெந்நீர் கிடைக்கும்?" இந்தக் கேள்வியை முதலில் வைத்தால் கழிவைச் செரித்து வாயு தரும் கலனின் அளவு, எஞ்சினின் அளவு, குழாய் போகும் வழி எல்லாமே மாறிவிடும். எப்படி மாறுகிறது என்பதைக் கடைசி யூனிட் வரை இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

எந்த விடுதியின் பெயரும் இங்கே இல்லை. ஏற்காட்டில் நடுத்தர அளவில் நடக்கும் விடுதியைப் போல ஒரு கட்டடத்தை மாதிரியாக எடுத்துக்கொள்கிறோம். 40 அறை, கீழ்த்தளத்தில் உணவகம், பின்பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே காப்பித் தோட்டம். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தால் வரும் சிக்கல் ஒன்றல்ல, மூன்று. அவை ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வரும்.

கட்டடத்தின் கழிவு

வார நாட்களில் ஒரு நாளுக்கு 80 கிலோ ஈரக் கழிவு. சனி, ஞாயிறு ஒவ்வொரு நாளும் 220 கிலோ. ஐந்து எண்பது நானூறு, இரண்டு இருநூற்றிருபது நானூற்று நாற்பது. ஆக வாரத்துக்கு 840 கிலோ, சராசரி நாளுக்கு 120. திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு தரும் இடங்களை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்கின்றன. மக்கும் கழிவை முடிந்தவரை அவரவர் வளாகத்திலேயே கையாளச் சொல்கின்றன. அந்தக் கோட்டை இந்தக் கட்டடம் தாண்டிவிடுகிறது. கீழே இறக்கி அனுப்பலாம் என்றால் 20 கொண்டை ஊசி வளைவுக்கும் சேர்த்து வண்டி வாடகை. சரிவில் கொட்டினால் இரவில் காட்டெருமை, பகலில் குரங்கு, மழையில் ஏரியை நோக்கி ஓடும் கசிவு.

120 கிலோவில் ஏறக்குறைய 24 கிலோதான் நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய கரிமப் பொருள். மிச்சமெல்லாம் தண்ணீரும் கொஞ்சம் சாம்பலும். ஒரு கிலோ கரிமப் பொருளுக்கு 0.45 கன மீட்டர் என்று வைத்தால், நாளுக்கு 11 கன மீட்டர் எரிவாயு. மீத்தேன் 60 விழுக்காடு இருந்தால் ஒரு கன மீட்டரில் 21.5 மெகாஜூல், அதாவது 6 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. வெப்பத்தையும் இங்கே யூனிட்டிலேயே சொல்கிறோம். கரண்ட் பில்லோடு ஒப்பிட அதுதான் வசதி. நாள் முழுவதற்கும் 65 யூனிட். சமையல் காஸில் சொன்னால் 5 கிலோ, அதாவது வாரத்துக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் கிட்டத்தட்ட இரண்டு.

இங்கேதான் உயரத்தின் முதல் வேலை. ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. கடல்மட்டக் கணக்கில் 11 கன மீட்டராக இருக்கும் வாயு, இங்கே மீட்டரில் 13 என்று ஓடும். கூடுதல் வாயு வந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். உள்ளே இருக்கும் மீத்தேன் அதேதான், விரிந்து நிற்கிறது, அவ்வளவே. மீட்டர் காட்டுவதை அப்படியே சிலிண்டர் கணக்காக மாற்றி எழுதினால் ஒவ்வொரு மாதமும் கணக்கு இடிக்கும். இனி இந்தக் கட்டுரையில் வரும் கன மீட்டரெல்லாம் கடல்மட்டக் கணக்கு. வேறாக இருந்தால் அங்கேயே சொல்கிறோம்.

65 யூனிட்டை எங்கே செலவிடுவது

இந்த ஆய்வின் மையம் இதுதான்.

ஒரு கன மீட்டரைச் சிறிய எஞ்சினில் எரித்தால் அதன் சக்தியில் 22 விழுக்காடு மின்சாரமாகும்: 1.3 யூனிட். எஞ்சின் தண்ணீரிலும் புகைக்குழாயிலும் போகும் வெப்பத்தைப் பிடித்தால் இன்னும் 2.6 யூனிட் வெந்நீராகக் கிடைக்கும். மொத்தம் 3.9. அதே ஒரு கன மீட்டரை நேராக வெந்நீர் பாய்லரில் எரித்தால் 85 விழுக்காடு தண்ணீரில் ஏறும்: 5 யூனிட். அறைக்கு அறை மின் கீசர் ஓடும் கட்டடத்தில் இந்த 5 யூனிட் வெந்நீர், 5 யூனிட் கரண்டை நேராக மிச்சம் பிடிக்கிறது. கரண்ட் தயாரித்து 1.3 யூனிட் பெறுவதா, வெந்நீர் காய்ச்சி 5 யூனிட் கரண்ட் பில்லைக் குறைப்பதா? இப்படிக் கேட்டால் விவாதத்துக்கே இடமில்லை.

அப்படியானால் எஞ்சினே வேண்டாமா? வேண்டும், ஆனால் சின்னதாக, குறைந்த நேரத்துக்கு. காரணம் இரண்டு. மழையும் காற்றும் சேர்ந்து மரக்கிளை கம்பியில் விழுந்தால் மலையில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டீசல் ஜெனரேட்டரை அந்த நேரத்தில் ஓய வைக்கலாம். இரண்டாவது காரணம் கலனின் சூடு. அதைக் கீழே பார்ப்போம்.

இந்தக் கட்டடத்துக்கு நாங்கள் சொல்லும் பங்கீடு: நாளுக்கு 4 கன மீட்டர் எஞ்சினுக்கு, 7 கன மீட்டர் பாய்லருக்கு. எஞ்சின் மாலையில் இரண்டு மணி நேரம் ஓடி 5 யூனிட் கரண்டும் 10 யூனிட் வெப்பமும் தரும். பாய்லர் 35 யூனிட் தரும். 18 டிகிரித் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர இது 1,100 லிட்டருக்குப் போதும். ஒருவருக்கு 40 லிட்டர் என்றால் 27 பேர் குளிக்கலாம். வார நாட்களில் வரும் விருந்தினருக்கு ஏறக்குறைய இது சரியாக இருக்கும். சனி, ஞாயிறில் பற்றாது, கீசரும் சேர்ந்து ஓட வேண்டும். இதை முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கிடைக்கும் 5 யூனிட் கரண்டிலும் கழிவை அரைக்கும் இயந்திரத்துக்கும் கூழைச் சுற்றும் பம்புக்கும் 2 யூனிட் போய்விடும். கையில் நிற்பது 3 யூனிட். உணவுக் கழிவால் விடுதிக்கே கரண்ட் என்று விளம்பரப் பலகை வைக்க நினைப்பவர்கள் இந்த 3 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சேலத்தில் இதே பங்கீடு செல்லாது. அங்கே வெந்நீர்த் தேவை குறைவு, கலனுக்கும் ஆண்டின் பெரும்பகுதி தனிச் சூடு தேவையில்லை. ஆகவே ஒரு மெஸ்ஸோ கல்யாண மண்டபமோ எரிவாயுவை நேராக அடுப்புக்கு விடுவதே நல்லது. சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மாவுக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுப்பது புதிதல்ல. அந்த அனுபவத்தால்தான் இந்த மாவட்டத்தில் வால்வு, பலூன், காஸ் எஞ்சின் பழுது பார்ப்பவர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கலனும் அதன் சட்டையும்

டைஜெஸ்டர் என்று எல்லோரும் சொல்லும் செரிப்புக் கலனில் கூழ் நிற்கும் அளவு 15 கன மீட்டர், மேல் இடைவெளியோடு சேர்த்து 20. நாளுக்கு 24 கிலோ கரிமப் பொருள் என்றால், ஒரு கன மீட்டர் கூழுக்கு 1.6 கிலோ சுமை. தனிக் கழிவாக உணவை மட்டும் செரிக்கும் ஒற்றைக் கலனுக்கு 2-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. விற்பவர்கள் 3 வரை போகலாம் என்பார்கள். ஆய்வகத்தில் போகலாம். சமையற்காரர் விடுப்பில் போன வாரத்தில் போகாது.

உள்ளே 35 டிகிரி வேண்டும். ஏற்காட்டுக் குளிர்கால இரவில் வெளியே 13 டிகிரி வரை இறங்கும். ஆண்டுச் சராசரிக்கு 18 என்று வைத்துக் கணக்கிடுவோம். கலனின் மொத்தப் பரப்பு சுமார் 40 சதுர மீட்டர். சுவர் வெறுமனே இருந்தால் அதன் வழியாக வெளியேறும் வெப்பம் 2 கிலோவாட், நாளுக்கு 49 யூனிட். கிடைக்கும் 65 யூனிட்டில் முக்கால் பங்கு கலனைச் சூடாக வைக்கவே போய்விடும்! மலையில் பல கலன்கள் குளிர் மாதங்களில் சோர்ந்து நிற்பதற்கும், இயந்திரத்தின் மேல் பழி விழுவதற்கும் காரணம் இந்த வெறும் சுவர்தான். 75 மில்லிமீட்டர் பஃப் ஷீட்டை, அதாவது பாலியூரித்தேன் நுரைப் பலகையை, சுற்றிப் போர்த்தி, மேலே தகடு அடித்தால் இழப்பு 6.5 யூனிட்டாக இறங்கிவிடும். கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி வேண்டாம். ஏற்காட்டு மூடுபனியில் அவை ஈரம் குடித்துவிடும், ஈரக் கம்பளி வெப்பத்தைத் தடுக்காது. மூடியையும் அடித்தளத்தையும் மறந்துவிட்டுச் சுவரை மட்டும் போர்த்துவது அடிக்கடி நடக்கும் தவறு. 40 சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது.

அன்றன்று ஊற்றும் 240 லிட்டர் கூழை 18-லிருந்து 35-க்கு ஏற்ற 4.7 யூனிட். சுவர் இழப்போடு சேர்த்தால் 11 யூனிட். எஞ்சின் இரண்டு மணி நேரத்தில் தரும் 10 யூனிட் வெப்பம் கிட்டத்தட்ட இதற்கே சரியாக இருக்கிறது. எஞ்சினுக்கு 4 கன மீட்டர் என்று பிரித்தது இதனால்தான்: எஞ்சினின் வெப்பம் கலனுக்கு, பாய்லரின் வெப்பம் குளியலறைக்கு. ஒன்றை ஒன்று தொடாது. எஞ்சின் நின்றுபோன நாளில் மட்டும் பாய்லரிலிருந்து கலனுக்குத் தண்ணீர் விட ஒரு குறுக்கு வால்வு போதும்.

எஞ்சின் வெப்பத்தை 500 லிட்டர் காப்பிட்ட தொட்டியில் சேர்த்து வைத்து, அதிலிருந்து மெதுவாகக் கலனுக்கு எடுக்க வேண்டும். கலனுக்குள் போகும் சுருள் குழாயில் ஓடும் தண்ணீர் 55 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குழாயின் மேல் சோறும் பருப்பும் வெந்து அடையாக ஒட்டும், பிறகு வெப்பம் உள்ளே இறங்காது. காற்றால் குளிரும் சின்ன ஜெனரேட்டரை வாங்கிவிட்டு 10 யூனிட் வெப்பத்தை எதிர்பார்க்க வேண்டாம். அதில் பிடிக்கக் கிடைப்பது சைலன்சர் வெப்பம் மட்டும். தண்ணீரால் குளிரும் எஞ்சின்தான் வேண்டும்.

உயரத்தின் இரண்டாவது வேலை எஞ்சினில் தெரியும். பெட்ரோலில் 4 கிலோவாட் தரும் எஞ்சின் இந்த எரிவாயுவில் கால் பங்கை இழக்கும், மெல்லிய காற்றால் இன்னும் ஆறில் ஒரு பங்கை இழக்கும். மிஞ்சுவது 2.5 கிலோவாட். பெயர்ப்பலகையில் 5 கேவிஏ என்று எழுதியிருப்பதை நம்பி லிஃப்ட்டை இதில் மாட்டக் கூடாது. வரவேற்பறை, நடைபாதை, சமையலறை விளக்குகள், இரண்டு ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். மின்வாரியக் கம்பியோடு எந்த நேரத்திலும் கலக்காதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிர் அந்த ஒரு சுவிட்ச்சில் இருக்கிறது.

சமையலறை வாசலில்

கலன் நன்றாக இருக்குமா என்பது கலனுக்குள் தீர்மானமாவதில்லை, பாத்திரம் கழுவும் இடத்தில்தான் தீர்மானமாகிறது. மூன்று வாளி வைத்து, அவற்றின் மேல் படம் ஒட்ட வேண்டும். எழுத்து வேண்டாம், படமே போதும்.

முதல் வாளி கலனுக்கு: மீந்த சோறு, சாம்பார், பொரியல், மாவு, காய்கறித் தோல், கனிந்துபோன வாழைப்பழம், மீன் கழிவு. வடித்த கஞ்சி இருக்கிறதே, அதைச் சாக்கடையில் விடவே கூடாது. அரைக்கும்போது பச்சைத் தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றினால் தண்ணீரும் மிச்சம், வாயுவும் கூடும். இரண்டாவது வாளி உரக்குழிக்கு: வாழை இலை, முருங்கைச் சக்கை, பலாச் சடை, மாங்கொட்டை, தேங்காய் நார், கறிவேப்பிலைக் காம்பு, முட்டை ஓடு, எலும்பு. இவை வாயு தராது என்பதல்ல சிக்கல். வாழை இலையின் நாரும் முருங்கைச் சக்கையும் அரைக்கும் இயந்திரத்தின் தண்டில் கயிறு போலச் சுற்றிக்கொண்டு மோட்டாரை எரித்துவிடும். ஓடும் எலும்பும் அடியில் மணலாகத் தங்கி, இரண்டு மூன்று ஆண்டில் கலனின் கொள்ளளவைத் தின்றுவிடும். மூன்றாவது வாளி பிளாஸ்டிக், சாஷே, டிஷ்யூ, கரண்டி.

தனியாகச் சொல்ல வேண்டியது தோல் விஷயம். ஏற்காட்டு ஆரஞ்சும், ஜூஸ் போட்ட எலுமிச்சையும் சாத்துக்குடியும் தோலில் எண்ணெய் வைத்திருக்கின்றன. அந்த எண்ணெய் மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. நாலைந்து தோல் விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஜூஸ் கவுண்டரின் ஒரு கூடை விழுந்தால் வாரக்கணக்கில் வாயு படுத்துவிடும். பொரித்த எண்ணெயும் அப்படித்தான். கொஞ்சம் சேர்ந்தால் வாயுவைக் கூட்டும், நிறையச் சேர்ந்தால் மேலே ஆடையாகப் படிந்து வாயு வெளியேறும் வழியை அடைக்கும். பழைய எண்ணெயை பயோடீசலுக்கு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். தரை கழுவும் பினாயில், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் ஒரு சொட்டும் இந்தப் பக்கம் வரக் கூடாது.

உணவுக் கழிவை மட்டுமே ஆண்டுக்கணக்கில் ஊட்டினால் கலன் காரணம் தெரியாமல் நலியும். கோபால்ட், நிக்கல், செலினியம் போன்ற நுண்சத்துகள் நுண்ணுயிர்களுக்குச் சிட்டிகை அளவில் வேண்டும். சோற்றிலும் சாம்பாரிலும் அவை போதாது. வாரத்துக்கு 50 கிலோ பசுஞ்சாணம் போட்டால் அந்தக் குறை தீரும். மருந்துக் கடை வைத்தியத்தைவிட இது மலிவு, இதுதான் சரியும்கூட.

திங்கட்கிழமை

விடுதிக் கலன்கள் பழுதாகும் நாள் திங்கட்கிழமை. சனி, ஞாயிறு வந்த 440 கிலோவை அன்றன்றே உள்ளே தள்ளினால் கரிமப் பொருளின் சுமை 1.6-லிருந்து 2.9-க்கு எகிறும். அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மணிக்கணக்கில் பெருகும். அமிலத்தை மீத்தேனாக மாற்றுபவை பெருக நாட்கணக்கில் ஆகும். இடையில் அமிலம் தேங்கும், கலன் புளிக்கும்.

அது வெளியே தெரியும் விதம்தான் ஏமாற்றும். பலூன் உப்பியே இருக்கும், சொல்லப்போனால் வழக்கத்தைவிடக் கூடுதலாக உப்பும். "அண்ணா, காஸ் நிறைய வருது, ஆனா பத்த மாட்டேங்குது" என்று பாய்லர் பக்கத்திலிருந்து குரல் வரும். தீக்குச்சியைக் காட்டினால் பர்னரின் மேல் நீலச் சுடர் ஒரு விரல் உயரம் எழும்பி, தட்டை விட்டு மேலே தாவி, பட்டென்று அணையும். மறுபடி காட்டினால் மறுபடி அணையும். மூக்கை வைத்துப் பார்த்தால் அழுகிய முட்டை வாடையோடு காடி வாடையும் வரும். பலூனில் இருப்பது பெரும்பாலும் கரியமில வாயு. புளிப்பு ஏறினால் இறங்கும் பிஎச் அளவு அப்போதும் 6.9 காட்டலாம். அமிலம் சேர்ந்த பிறகும் கூழின் காரத்தன்மை கொஞ்ச காலம் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும். பிஎச் விழும்போது காலம் கடந்திருக்கும்.

அதனால் வாரம் இரண்டு முறை அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். 20 மில்லி வடிகட்டிய கூழில் 0.1 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஎச் 5 வர எவ்வளவு, அங்கிருந்து 4.4 வர எவ்வளவு என்று குறித்துக் கணக்கிடும் எளிய சோதனை இது. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் உள்ள கருவியே போதும். விகிதம் 0.3-லிருந்து 0.4 வரை இருந்தால் நிம்மதி. 0.5-ஐத் தாண்டினால் ஊட்டத்தைப் பாதியாக்கி, காரணத்தைத் தேட வேண்டும்.

புளித்தே விட்டால் ஊட்டத்தை முழுவதும் நிறுத்தி, சூட்டை 35-லேயே பிடித்து வைத்து, சமையல் சோடாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். கன மீட்டருக்கு 1 கிலோ என்றால் இந்தக் கலனுக்கு 15 கிலோ. ஒரே நாளில் கொட்டாமல் மூன்று நாளில் பிரித்து ஊற்றுங்கள். சுண்ணாம்பு மலிவாயிற்றே என்று அதைப் போடுவார்கள். சுண்ணாம்பு கலனுக்குள் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே வெற்றிடம் உண்டாகி பலூன் ஒட்டி வெளிக்காற்றை இழுக்கும். மீத்தேன் 5-லிருந்து 15 விழுக்காடு வரை காற்றோடு கலந்திருக்கும்போதுதான் வெடிக்கும். அந்த நிலையை நாமே உள்ளே உண்டாக்கக் கூடாது. சுடர் மறுபடி தட்டில் நிலைத்து நின்ற பிறகு கால் பங்கு ஊட்டத்தில் தொடங்க வேண்டும்.

இதெல்லாம் நேராமலிருக்க வழி எளியது: 500 லிட்டர் மூடிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. கழிவை அன்றன்றே அரைத்து அதில் சேர்த்துவிட்டு, கலனுக்கு நாள் தவறாமல் 120 கிலோ மட்டும் அனுப்புவது. சனி 100 மிஞ்சும், ஞாயிறு இன்னொரு 100. ஞாயிறு இரவு தொட்டியில் 200 கிலோ. திங்கள் முதல் நாளுக்கு 40 கிலோ வீதம் எடுத்தால் வெள்ளி இரவு தொட்டி காலி, சனிக்கிழமைக்குத் தயார். தொட்டிக்குள்ளேயே கூழ் புளிக்கும். புளிக்கட்டும், அங்கே புளிப்பதால் கேடில்லை. தொட்டியின் மூச்சுக்குழாயைத் தேங்காய் நாரும் மக்கிய உரமும் நிரப்பிய டிரம் வழியாக விட்டால் நாற்றம் விருந்தினர் வரை போகாது.

அரைக்கும்போது தண்ணீரைக் குறைவாகச் சேருங்கள், ஊட்டும்போது வெந்நீர் சேருங்கள். கெட்டிக் கூழ் தொட்டியில் இடம் அடைக்காது. 150 லிட்டர் கூழோடு 60 டிகிரி வெந்நீர் 90 லிட்டர் சேர்த்தால் கலனுக்குள் போகும்போது 33, 34 டிகிரியில் இருக்கும், நுண்ணுயிர்களுக்கு அதிர்ச்சியில்லை. அதையும் ஒரே தடவையில் ஊற்றாமல் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்காகப் பிரிக்க வேண்டும்.

கோடை விழா நடக்கும் மே மாதம் இந்தக் கணக்குக்குள் அடங்காது. சராசரி 150 கிலோவைத் தாண்டினால் மீதியை உரக்குழிக்குத் திருப்பிவிட வேண்டியதுதான். அந்த ஒரு மாதத்துக்காகப் பெரிய கலன் கட்டினால் மற்ற பதினொரு மாதமும் அரைவயிற்றுக் கலனைச் சூடாக்கிக்கொண்டிருப்போம்.

வாயு போகும் வழி

முட்டை, பருப்பு, இறைச்சி எல்லாம் சேர்ந்த கழிவிலிருந்து வரும் வாயுவில், அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு பத்து லட்சத்துக்கு 500 முதல் 2,000 பங்கு வரை இருக்கும். இதை எடுக்காமல் எஞ்சினுக்கு விட்டால் எஞ்சின் ஆயிலே அமிலமாகிவிடும், செம்புப் பாகங்கள் கறுக்கும். ஆறு அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் துருப்பிடித்த இரும்புத் துருவலை நிரப்பி, அதன் வழியாக வாயுவை அனுப்பினால் போதும். சேலத்து லேத் பட்டறைகளில் துருவல் கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோடாவில் கழுவி, ஈரப்படுத்தி, நன்றாகத் துரு ஏற விட்டுப் பயன்படுத்த வேண்டும். துருவல் கறுத்துவிட்டால் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கறுத்த துருவல் காற்றுப் பட்டதும் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே வெளியே எடுத்து, திறந்த இடத்தில் மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். குப்பைத் தொட்டியில் குவியலாகக் கொட்டினால் இரவில் தொட்டி எரியும். வடிகட்டி இருந்தாலும் எஞ்சின் ஆயிலை 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

உயரத்தின் மூன்றாவது வேலை குளிர். 35 டிகிரியில் ஈரம் நிரம்பி வெளியே வரும் வாயு, இரவில் குளிர்ந்த குழாய்க்குள் தண்ணீராக வடியும். அதிகாலையில் பர்னர் சுடர் விக்கல் எடுப்பது போல எழும்பி எழும்பித் தாழ்ந்தால், குழாயின் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். குழாயை மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவில் போட்டு, தாழ்ந்த இடத்தில் தண்ணீர்ப் பொறி வைக்க வேண்டும். வாயு அழுத்தம் 10 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் பொறியில் தண்ணீர் 15 சென்டிமீட்டராவது நிற்க வேண்டும். கோடையில் அது வற்றிவிட்டால் வாயு சத்தமில்லாமல் வெளியேறும்.

பலூன் மீட்டர் கணக்கில் 8 கன மீட்டர். இரவெல்லாம் சேர்வதைப் பாய்லர் காலை 5 முதல் 9 வரை எடுத்துக்கொள்ளும், பகலில் சேர்வதை எஞ்சின் மாலை 6-லிருந்து 8 வரை எடுத்துக்கொள்ளும். அதனால் அதற்கு மேல் பெரிய பலூன் தேவையில்லை. ஆனால் கம்பி வலைக் கூண்டு கட்டாயம் வேண்டும். குரங்குக்கு உப்பிய பலூன் ஒரு விளையாட்டுத் திடல். பாய்லருக்கு இந்த வாயுவுக்கென்றே செய்த பர்னர் வாங்க வேண்டும். சிலிண்டர் அடுப்பின் நாசில் துளை இதற்குச் சிறியது, அழுத்தமும் பொருந்தாது.

பழுது பார்க்கக் கலனுக்குள் யாரும் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு கூடினால் முதலில் மரத்துப்போவது மூக்குதான். வாடை இல்லை என்று நம்பி இறங்குபவர் திரும்பி ஏற மாட்டார். அடியில் சேரும் மண்டியை வெளியிலிருந்தே பம்பு வைத்து எடுக்கும்படி 4 அங்குல வடிகால் வால்வைக் கட்டும்போதே வைத்துவிடுங்கள்.

தொடங்குவது

முதல் ஊட்டத்துக்கு 5 டன் சாணமும் அதே அளவு தண்ணீரும். ஓடிக்கொண்டிருக்கும் ஜவ்வரிசி ஆலைக் கலனிலிருந்து ஒரு டேங்கர் கூழ் கிடைத்தால் அதைவிட நல்லது, பாதி நாளில் வேலை முடியும். 35 டிகிரியை எட்டிய பிறகு நாளுக்கு 10 கிலோவில் தொடங்கி, வாரத்துக்கு 20 கிலோ கூட்டிக்கொண்டே போக வேண்டும். விகிதச் சோதனை 0.4-ஐத் தாண்டினால் அந்த வாரம் கூட்டக் கூடாது. முழு அளவுக்கு வர ஆறேழு வாரம் ஆகும். முதல் இரண்டு முறை பலூன் நிறையும்போது அதில் காற்றும் கலந்திருக்கும். தீ இல்லாத நேரத்தில் திறந்த வெளியில் விட்டுவிட வேண்டும்.

வெளியே வரும் 230 லிட்டர் கூழில் கழிவிலிருந்த தழைச்சத்து முழுவதும் அப்படியே இருக்கிறது. கீழே காப்பிக்கும் மிளகுக்கும் அது நல்ல உரம். ஆனால் சாம்பாரின் உப்பும் அதிலேயே இருக்கிறது. ஒன்றுக்கு மூன்று தண்ணீர் சேர்த்து, தண்டை விட்டுத் தள்ளி, வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். மழை கொட்டும் நாட்களில் சரிவில் ஊற்றினால் நேராக ஏரிக்குப் போகும். பத்து நாள் கூழைத் தாங்க 2,500 லிட்டர் மூடிய தொட்டி ஒன்று அதற்கென்றே வேண்டும். கலன் வாங்கும் விலைப்பட்டியலில் இந்தத் தொட்டி பெரும்பாலும் இருப்பதில்லை. கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.